பரணில் கிடக்கும் அரசு டிவியை என்ன செய்வது?

டீச்சர், நீங்கள் கேட்டிருப்பது மூன்று. அரசு கொடுத்த பழைய கலர் டிவிக்குத் தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரி 100 ரூபாய் தருகிறார், கொடுத்துவிடலாமா என்பது முதலாவது. பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகளை வைத்து ஊரில் மின்னணுக் கழிவு சேகரிக்கலாமா என்பது அடுத்தது. இதற்கெல்லாம் உண்மையிலேயே தீர்வு உண்டா என்பது கடைசி. நான் 22 ஆண்டுகள் டிவி, ரேடியோ பழுதுபார்த்தவன். அதன் பிறகு 9 ஆண்டுகள் பதிவு பெற்ற ஒரு மறுசுழற்சி ஆலையில், பொருள்களைப் பிரிக்கும் பிரிவில் வேலை செய்தேன். அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்த 100 ரூபாய் எதற்குத் தருகிறார் என்று பாருங்கள். டிவிக்கு அவர் விலை வைக்கவில்லை. படம் தெரியும் கண்ணாடிக் குழாயான பிக்சர் டியூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற கம்பிச் சுருளில் செம்புக் கம்பி இருக்கிறது. டியூபைச் சுற்றி ஓடும் காயிலிலும் கம்பி உண்டு. ஸ்பீக்கரில் காந்தம், சர்க்யூட் போர்டில் அலுமினியத் துண்டுகள், டிரான்ஸ்பார்மர், பிறகு பிளாஸ்டிக் கூடு. இவை விலை போகும். நான் பார்த்த இடங்களில் யோக்கைக் கழற்றப் பொறுமையாக ஸ்க்ரூவைத் திருகுபவர் யாரும் இல்லை. டியூபின் கழுத்தில் ஒரு கல்லால் தட்டுவார்கள். உள்ளே வெற்றிடம் என்பதால் ஒரு சீறல் கேட்கும், கண்ணாடி நொறுங்கும், யோக் கையோடு வரும். சிலர் உள்ளே இருக்கும் இரும்புத் தகட்டுக்காக முகப்பையும் உடைப்பார்கள். மிஞ்சுவது கண்ணாடி. டிவியின் எடையில் பாதிக்கு மேல் அதுதான், அதை வாங்க ஆள் கிடையாது. ஆகவே அது ஊருக்கு வெளியே ஓடையிலோ, ஏரிக்கரையிலோ, குப்பை எரிக்கும் மேட்டிலோ போய்க் கிடக்கும். என் கடையில் கழித்துப்போட்ட டியூப்களும் அந்தக் காலத்தில் அப்படித்தான் போயின. எத்தனை என்று என்னிடம் கணக்கில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் காரீயம். டியூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தில் எலெக்ட்ரான்கள் பாய்ந்து திரையில் மோதுகின்றன. அப்போது எக்ஸ் கதிர் உண்டாகிறது. பார்ப்பவர் மேல் அது படாமல் தடுப்பதற்காகவே கண்ணாடியில் ஈய ஆக்சைடு கலந்தார்கள். முகப்புக் கண்ணாடியில் பெரும்பாலும் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருக்கும், ஏனென்றால் ஈயம் கலந்தால் நாளடைவில் திரை பழுப்பேறிவிடும். பின்னால் புனல் போல் குவியும் பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. கழுத்தில் இன்னும் அதிகம். இரண்டு பகுதிகளையும் ஒட்ட வைக்கும் பற்றில் முக்கால்வாசி அதுதான். முழு டியூபாக இருக்கும்வரை அதனால் ஒரு தீங்கும் இல்லை. உங்கள் பரணில் அது 10 ஆண்டுகள் கிடந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. தூளாகி, மழையிலும் குப்பையின் புளித்த நீரிலும் ஊறும்போதுதான் ஈயம் வெளியேறத் தொடங்குகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், பள்ளியில் கேட்பார்கள். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். நரம்பைக் கெடுப்பது காரீயம், நஞ்சு என்று நான் சொல்லும் ஈயமெல்லாம் அதுதான். பழைய சர்க்யூட் போர்டுகளில் பற்றவைத்த ஈயத்தில் இரண்டும் கலந்திருக்கும், 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். அந்தக் கம்பியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம், ஒரு கையில் சால்டரிங் அயர்ன், மறு கையில் போர்டு என்றிருக்கும்போது மூன்றாவது கை கிடையாதே. பக்கத்தில் டீ கிளாஸ் இருக்கும். ஆலையில் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையில் என் இரத்தத்தில் ஈயம் அதிகம் என்று வந்தது. நான் வளர்ந்த ஆள், தப்பித்துக்கொண்டேன். குழந்தை உடல் விழுங்கிய ஈயத்தைப் பெரியவர் உடலைவிடப் பல மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். அது வளரும் மூளையைத் தாக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இனி கணக்குப் போட்டுப் பாருங்கள். 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை தமிழ்நாட்டில் சுமார் 1.6 கோடி இலவசக் கலர் டிவிகள் வழங்கப்பட்டன. எல்லாம் 14 அங்குலப் பெட்டிகள். ஒரு பெட்டியில் 300 கிராம் காரீயம் என்று நான் குறைத்தே மதிப்பிடுகிறேன். அப்படியானால் 4,800 டன். இது என் மதிப்பீடுதான், ஆனால் மிகைப்படுத்தியது அன்று. அந்த டிவிகள் ஏழை வீடுகளுக்குள் உலகத்தைக் கொண்டுவந்தன, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். அவற்றில் எத்தனையோ பெட்டிகளை நானே பழுதுபார்த்துக் கொடுத்திருக்கிறேன். வீடு வீடாகக் கொடுக்கத் தெரிந்த அரசு இயந்திரத்துக்கு வீடு வீடாகத் திரும்ப வாங்கவும் முடியும் என்பதுதான் என் வாதம். அது நடக்கவில்லை. தட்டைத் திரை வந்ததும் ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாகக் கைமாறிக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

டிவி ஒரு உதாரணம்தான். மற்றப் பொருள்களிலும் இதே கதை வேறு வேறு வடிவத்தில் நடக்கிறது. வயரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் பிவிசி உறையின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதை எரித்துச் செம்பு எடுக்கும்போது, குளோரினும் கரியும் அரைகுறைச் சூட்டில் சேர்ந்து டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகிறது. அந்த வினையைத் தூண்டிவிடுவதும் அதே செம்புதான். சமையலறையில் பிளாஸ்டிக் எரிவதைவிட வயர் எரிவது மோசம் என்று சொல்வதன் காரணம் இதுவே. டையாக்சின் கொழுப்பில் போய்த் தங்கும், எளிதில் வெளியேறாது. கானா நாட்டின் தலைநகர் அக்ராவில் அக்போக்ப்ளோஷி என்ற இடத்தில் பல ஆண்டுகள் கேபிள் எரித்தார்கள். அங்கே மேய்ந்த நாட்டுக்கோழியின் முட்டைகளைச் சோதித்து 2019இல் ஓர் அறிக்கை வந்தது. ஒரே ஒரு முட்டை சாப்பிட்டால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்குத் தாங்கலாம் என்று வகுத்த அளவைப்போல் 220 மடங்கு டையாக்சின் உடலில் சேரும் என்றது அது. நம் ஊர்க் குப்பை மேட்டிலும் கோழிகள் மேய்கின்றன, டீச்சர்.

சர்க்யூட் போர்டு வேறு வழியில் போகிறது. அடுப்பிலோ தகட்டிலோ வைத்துச் சூடேற்றினால் ஈயம் உருகும், சிப்புகள் உதிரும். நல்லவற்றை எடுத்துக்கொண்டு மீதியை அமிலத்தில் போடுவார்கள். நைட்ரிக் அமிலம் ஒரு பங்கு, ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு கலந்த இராஜதிராவகம் தங்கத்தையும் கரைக்கும். டெல்லியின் சீலம்பூரில் போர்டுகளைக் கழற்றுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் பித்தளைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற மொராதாபாத்தில் அவற்றை எரித்து உலோகம் எடுக்கிறார்கள். அங்கே ராமகங்கை ஆற்றங்கரையில் குவிந்தது எரித்த போர்டின் கரும்பொடி. இவ்வளவும் எதற்காக? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்குப்படி 10 லட்சம் செல்போன்களில் 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 15 கிலோ பல்லேடியம், சுமார் 16 டன் செம்பு. ஒரு பவுன் தங்கம் சேர வேண்டுமானால் 230 போன்களுக்கு மேல் வேண்டும். ஆலையில் இயந்திரம் அதைப் பெரும்பாலும் முழுசாக எடுத்துவிடும். அமிலத் தொட்டியிலோ கணிசமான பங்கு கழிவோடு ஓடிவிடுகிறது. ஆக, நஞ்சும் மிச்சம், உலோகமும் வீண்.

ஃபிரிட்ஜும் ஏசியும் மின்னணுக் கழிவு என்பதைப் பலர் நினைப்பதே இல்லை. கம்ப்ரஸரைக் கழற்றுபவர் குழாயை வெட்டுவார், உள்ளே இருக்கும் வாயு காற்றோடு போய்விடும். பழைய ஃபிரிட்ஜ்களில் பரவலாக இருந்த ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு, கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். ஒரு ஃபிரிட்ஜில் 150 கிராம்தான் என்றாலும், அந்த ஒரு வெட்டு 200 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் வெளியேற்றியதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. அதனாலேயே யாரும் கேள்வி கேட்பதில்லை.

இதனால் மனிதருக்கு என்ன ஆகிறது என்பதற்கு நல்ல சான்று சீனாவின் குய்யூ. குவாங்டாங் மாகாணத்தில் இருக்கும் இந்த ஊர் ஒரு காலத்தில் உலகத்தின் மின்னணுக் கழிவுச் சந்தையாக இருந்தது. வீடுகளின் முற்றத்திலேயே போர்டு சுட்டார்கள். அங்கே 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தைச் சோதித்து 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி இரத்தத்தில் சராசரி 15.3 மைக்ரோகிராம் ஈயம். இந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரில் 9.9. இன்று அமெரிக்காவில் 3.5 இருந்தாலே குழந்தையைக் கவனிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து ஊர் எண்ணையும் பாருங்கள், அதுவும் குறைந்தது அன்று.

இவ்வளவு சொன்னதால், அந்தப் பழைய பொருள் வியாபாரிதான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து இந்த மண்ணில் பொருளை வீணாக்காமல் காத்தவர்கள் அவர்கள். எந்த அரசுத் திட்டமும் எட்டாத சந்துக்குள் அவருடைய வண்டி போகிறது. ஒரு கம்பியைக்கூட விடாமல் பிரிக்கத் தெரிந்த கை அவருடையது. விலை இருப்பதை அவர் எடுக்கிறார், விலை இல்லாததை எறிகிறார். வயிற்றுப் பாட்டுக்கு உழைக்கும் எவரும் அதைத்தான் செய்வார். சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது: மின்னணுப் பொருளில் நல்லதற்கு மட்டும் விலை உண்டு, நஞ்சுக்கு விலை இல்லை. எனக்குத் தெரிந்தவரை, நஞ்சுள்ள பகுதியை முறையாகக் கொண்டுவந்து கொடுப்பவருக்குக் காசு கிடைக்கும்படி செய்யாத எந்தத் திட்டமும் நிலைத்ததில்லை.

விரட்டிப் பார்த்தார்கள். 2021 ஜூலையில் அக்போக்ப்ளோஷியை அரசு இடித்துத் தள்ளியது. எரிப்பவர்கள் நகரத்தின் வேறு மூலைகளுக்குப் போய் அங்கே எரித்தார்கள். அதே கானாவில் ஜெர்மனியின் நிதியுதவியோடு இன்னொன்றையும் முயன்றார்கள், எரிக்காமல் கொண்டுவரும் கேபிளைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். இடிப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. வயரை எரிப்பவருக்குப் புகையின் மேல் ஆசை கிடையாது. உறையை உரிக்க நேரமாகும், எரித்தால் 10 நிமிடம். எரிக்காததற்குக் கூடுதல் விலை வந்தால் அவர் எரிக்கமாட்டார்.

நம் நாட்டுச் சட்டம் காகிதத்தில் மோசமில்லை. மின்னணுக் கழிவுக்கென்று தனி விதிகள் 2011இல் வகுக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இல் திருத்தி எழுதினார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2022ஆம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல். முன்பு 21 வகைப் பொருள்கள் இருந்த பட்டியல் 106 ஆனது. டிவியோ போனோ விற்கும் நிறுவனம், ஆயுள் முடிந்த பொருளில் இத்தனை சதவீதம் மறுசுழற்சியாவதற்குப் பொறுப்பேற்க வேண்டும். தொடக்கத்தில் 60 சதவீதம், 2027-28 முதல் 80. நிறுவனம் தானே லாரி அனுப்பிச் சேகரிக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் உலோகத்தை மீட்டால் அவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் காட்டலாம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது தெரியுமா? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு. இந்த நான்கும் ஏற்கெனவே சந்தையில் விலை போகிறவை, யாரும் சொல்லாமலே பொறுக்கி எடுக்கப்படுகிறவை. காரீயக் கண்ணாடிக்கோ, தீத்தடுப்பு வேதிப்பொருள் கலந்த பிளாஸ்டிக்குக்கோ சான்றிதழ் இல்லை. அவற்றைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும் என்று விதி சொல்கிறது, சரி. ஆலையில் நாங்கள் டியூபைச் சுற்றி மின்கம்பியைச் சூடேற்றி, முகப்பையும் புனலையும் ஒட்டிய இடத்தில் விரிசல் விடச் செய்து பிரிப்போம். திரையை ஒளிரச் செய்ய உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் பொடியை மூடிய அறையில் உறிஞ்சி எடுப்போம். ஈயக் கண்ணாடியைத் தனியே மூட்டை கட்டி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயகரக் கழிவுக் கிடங்குக்குப் பணம் கட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு டியூபும் ஆலைக்குச் செலவு. ஆகவே டியூப் இல்லாத கணினிகளையும் சர்வர்களையும்தான் எல்லோரும் போட்டி போட்டு வாங்குகிறார்கள். டியூப் டிவியை இலவசமாகக் கொடுத்தாலும் தயங்குகிற ஆலைகளை நான் அறிவேன். விதியை எழுதியவர்கள் நஞ்சின் எடைக்கும் சான்றிதழ் கொடுத்திருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். இன்றும் எழுதலாம்.

சான்றிதழ் விலையிலும் இழுபறி. நிறுவனங்கள் கிலோவுக்கு மிகக் குறைவாகக் கொடுத்தன. அந்தக் காசில் ஒழுங்காக மறுசுழற்சி செய்ய முடியாது. 2024இல் அரசு ஒரு தரைவிலை வைத்தது, வீட்டு உபயோகப் பொருள்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய். பெரிய நிறுவனங்கள் சில அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பல்லாயிரம் ரூபாய்க்கு ஒரு டிவியை விற்பவர், அதன் இறுதிச் சடங்குக்குச் சில நூறு ரூபாய் கொடுக்க வழக்கு நடத்துகிறார் என்பது எனக்கு ஆறாத கோபம்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தில் பொருள் வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணம் விலையில் சேர்ந்துவிடுகிறது. பிறகு அந்த வகைப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் பழையதைக் காசில்லாமல் திருப்பிக் கொடுக்கலாம். ஜப்பானில் 2001 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி டிவி, ஃபிரிட்ஜ், ஏசி, வாஷிங் மெஷின் ஆகியவற்றைக் கழிப்பவர் கழிக்கும்போது கட்டணம் கட்ட வேண்டும். ஜப்பானியர் செய்ததில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை மக்களிடம் பழைய சாதனங்களைத் திரட்டினார்கள், அதில் செல்போன்கள் மட்டும் 62 லட்சம். கிடைத்த 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலத்தில்தான் டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் அனைத்தும் செய்யப்பட்டன. நீரஜ் சோப்ராவின் ஈட்டி எறிதல் தங்கமும் அந்தப் பதக்கங்களில் ஒன்று. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் கட்டணத்தில் நமக்கு ஏற்றது சுவிஸ் முறைதான். பழைய டிவியைக் கொடுத்து 100 ரூபாய் வாங்கிப் பழகிய ஊரில், அதைக் கழிக்கக் காசு கட்டு என்றால் நள்ளிரவில் ஏரிக்கரையில் வந்து போட்டுவிடுவார்கள்.

பணக்கார நாடுகளையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் ஒரு நிறுவனம் டிவி கண்ணாடியிலிருந்து ஈயம் எடுப்பதாகச் சொல்லிப் பல்லாயிரம் டன் டியூப் கண்ணாடியைக் கிடங்குகளில் குவித்து, 2016இல் அப்படியே விட்டுவிட்டுப் போனது. பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்த காலம் முடிந்துபோனதுதான் காரணம். டியூப் டிவியே தயாராகாதபோது அந்தக் கண்ணாடி யாருக்கு வேண்டும்? பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் இருக்கும் உருக்காலை உலகத்திலேயே சிறந்த ஒன்று, நம் நாட்டு ஆலைகள்கூட போர்டுகளை அனுப்பியிருக்கின்றன. 2020இல் அதைச் சுற்றி வசிக்கும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியது தெரியவந்தது. பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிப் பசுமைப் பகுதியாக்குவதாக நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு முன்னேறிய தொழில்நுட்பம் இருக்கும் இடத்திலேயே நிலைமை இதுவென்றால், வீட்டு முற்றத்தில் அடுப்பு வைத்து உருக்குவதை எண்ணிப் பாருங்கள்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். 2030இல் 8.2 கோடி டன் ஆகும் என்கிறது ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் கண்காணிப்பு அறிக்கை. இந்தியாவுக்கு அதே அறிக்கை 41 லட்சம் டன் என்கிறது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு 2021-22க்கு 16 லட்சம் டன், ஏனெனில் அது 21 வகைப் பொருள்களை மட்டும் எண்ணியது. எண்ணாத பொருளும் எங்கோ உடைக்கப்படுகிறது என்பதுதான் இந்த இடைவெளியின் அர்த்தம்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். டிவியை வியாபாரிக்குக் கொடுக்காதீர்கள், உடைக்காமல் ஆலைக்குப் போய்ச் சேரும் என்று உறுதி இருந்தாலொழிய. பரணில் இருக்கட்டும். புது டிவி வாங்கும்போது பழையதைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கடையில் கேளுங்கள், எடுத்ததற்கு ரசீது கேளுங்கள். தயாரித்த நிறுவனமே மூடப்பட்டிருந்தால் அந்தப் பொருளைச் சேகரித்துப் பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்புவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று 2022 விதிகள் சொல்கின்றன. இதை உங்கள் ஊராட்சியிலோ நகராட்சியிலோ எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். கிராம சபையில் 40 பேர் கேட்டால் கோப்பு திறக்கும்.

பழைய போன்களை அலமாரியில் வைத்திருப்பதைவிடப் பயன்படுகிறவருக்குக் கொடுப்பது மேல். ஒரு போன் தன் வாழ்நாளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஆகவே மூன்று ஆண்டு வைத்திருக்கும் போனை ஐந்து ஆண்டு வைத்திருப்பது, எந்த மறுசுழற்சியையும்விடப் பெரிய வேலை. பேட்டரி போய்விட்டதென்று போனையே மாற்றுகிறோம், ஏனென்றால் பேட்டரியைப் பசை வைத்து ஒட்டிவிட்டார்கள். என் காலத்து டிவியில் பின்கூட்டைத் திறந்தால் சர்க்யூட் வரைபடம் ஒட்டியிருக்கும், மெக்கானிக் பார்த்துக்கொள்வான் என்று நம்பினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் பயனாளரே கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறது. பிரான்சில் 2021 முதல் சில வகைப் பொருள்களின் மேல் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போட்டு விற்கிறார்கள். இங்கும் அது வர வேண்டும். அதுவரை உங்கள் ஊரில் இன்னும் கடை வைத்திருக்கும் ரேடியோ மெக்கானிக்குக்கு வேலை கொடுங்கள்.

பள்ளியில் சேகரிப்பு நடத்தலாம், சில எச்சரிக்கைகளோடு. பிள்ளைகள் எதையும் பிரிக்கக் கூடாது, ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். செல்போன், சார்ஜர், ரிமோட், இயர்போன், மவுஸ், வயர் போன்ற சிறியவற்றை மட்டும் வாங்குங்கள். டியூப் லைட்டும் சிஎஃப்எல் பல்பும் வேண்டாம், உடைந்தால் பாதரச ஆவி. உப்பிய பேட்டரியை எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளை பையில் வைத்துக்கொண்டு வரக் கூடாது, குத்துப்பட்டால் அது தீப்பிடிக்கும். அப்படி ஒன்று வந்துவிட்டால் உலர்ந்த மணல் நிறைந்த வாளியில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே தள்ளி வைத்துவிடுங்கள். தனியாக வரும் நல்ல பேட்டரிகளின் முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். போனில் இருக்கும் படங்களையும் கணக்குகளையும் அழித்துவிட்டுக் கொடுக்கும்படி பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதை மறந்தால் பெண் பிள்ளைகள் வீட்டில் வருத்தம் வரும்.

சேகரிப்பதற்கு முன்பே யார் எடுத்துப் போவது என்று முடிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் ஆய்வகத்தின் மூலையில் குப்பை மலை நிற்கும், பிறகு யாரோ அதையே காயலான் கடைக்கு விற்பார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற ஆலைகளின் பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் கேட்கலாம். சில கிலோவுக்காக ஆலை வண்டி அனுப்பாது. பக்கத்துப் பள்ளிகள் ஐந்தாறு சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் வரும். எடை போட்டு, ஆலையின் பதிவு எண் போட்ட ரசீது வாங்குங்கள்.

இன்னொன்றும் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 100 ரூபாய் வியாபாரியை ஒரு நாள் பள்ளிக்கு அழையுங்கள். தலைமையாசிரியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்தப் பொருள் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்கு அவரையே சொல்லச் சொல்லுங்கள். ஊரில் எத்தனை வீட்டில் டியூப் டிவி இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. உடையாத டிவிக்கு அவர் இப்போது பார்க்கும் லாபத்தைவிட 50 ரூபாய் கூடுதலாகக் கிடைக்க வழி செய்ய முடியுமா என்று ஊராட்சியையும் ஆலையையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள். பெரிய தொகை இல்லை, ஊரில் 200 டிவி இருந்தால் 10,000 ரூபாய். ஊர்த் திருவிழாவில் ஒரு இரவு வாணவேடிக்கைக்குச் செலவாவதைவிடக் குறைவு. ஈயம் ஏரிக்குப் போகாது, அவருடைய பிள்ளையின் இரத்தத்துக்கும் போகாது.

அதுவரை பரணில் டிவியைத் திரை கீழே இருக்கும்படி, அடியில் பழைய துணி போட்டு வையுங்கள். இறக்கும்போது இரண்டு பேராக, திரைப் பக்கத்தை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். எடை முழுவதும் அந்தப் பக்கம்தான், பின்னால் மெலிந்த கழுத்தில் எதுவும் இடித்துவிடக் கூடாது. ஆலையில் நாங்கள் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.